மலை விழுங்கிய நிமிடங்கள்

"உங்க கண்ணால பார்த்ததை நீங்க ஏன் நம்பலை?"

இப்படிக் கேட்டவர் எனக்கு வானியல் பாடம் எடுத்த மேடம். என்னைவிட ஓரிரண்டு வயது இளையவராகத்தான் இருப்பார். கோபமாகக் கேட்கவில்லை. ஊர் பெயரை விசாரிப்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாத்திரம் துலக்கும்போதும், மகளுக்குத் தலை பின்னும்போதும், பேருந்து ஜன்னல் ஓரத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன். கிடைத்த பதில்கள் எல்லாம் பாதி பதில்கள்.

நான் வானியல் படிக்கவேண்டிய ஆளே இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்கு வரலாறுதான். பி.ஏ. முடித்ததும் கல்யாணம், அடுத்த வருடமே குழந்தை. மகளுக்கு மூன்று வயது ஆனபோது, சனி ஞாயிறுகளில் வகுப்பு நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். கணவருக்கு மூங்கில்துறைப்பட்டு கரும்பு ஆலையில் வேலை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு வருஷம் பாக்கலாம். ஒரு பேப்பர்லயும் நிக்காம வந்தியானா மேல படி. நின்னுச்சுன்னா பாப்பா வளர்ற வரைக்கும் எடுத்து வெச்சிடலாம், இன்னா சொல்ற?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்து வைத்த படிப்பை மறுபடி எடுத்த பெண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் 'சரிங்க' என்று சொன்ன நாள் முதல் ஒரு பேப்பர்கூடத் தேறாமல் நிற்கக்கூடாது என்பது மட்டுமே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் சொந்தப் பாடத்தோடு வேறு துறைப் பாடம் ஒன்றையும் எடுக்கவேண்டும். அதற்குப் பெயர் கொடுக்கும் நாளன்று மகளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற பாடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: வானியல் அறிமுகம்.

"வரலாறு படிக்கறேன்னு சொல்லிட்டுப் போயி வானத்துல ஏறிட்டியா?" என்று கணவர் சிரித்தார்.

முதல் வகுப்புக்குப் பயந்துகொண்டேதான் போனேன். கோணம் என்ற சொல்லைக் கேட்டாலே பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். ஆனால் மேடம் அன்று கருவி எதையும் காட்டவில்லை. கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "உங்க முஷ்டியோட அகலம் வானத்துல பத்து டிகிரி. சின்ன கையா இருந்தாலும் பெரிய கையா இருந்தாலும் ஏறக்குறைய அதேதான்" என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மகளை நிறுத்தி அவள் கையை நீட்டச் சொன்னேன். சிறிய முஷ்டி, சிறிய கை. அவளும் நானும் எங்கள் தெருக்கோடித் தென்னையை அளந்தோம். எனக்கும் இரண்டு முஷ்டி, அவளுக்கும் இரண்டு முஷ்டி. அன்று ராத்திரி கண்ணை மூடிய பிறகும் அந்தத் தென்னை எனக்குள் அசைந்துகொண்டே இருந்தது. எல்லாருடைய கைக்கும் ஒரே மாதிரி அகப்படுகிற ஒன்று இருக்கிறது என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டு உண்டு. கல்லூரியில் அறிவியல் படித்த பெண்கள் பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போவதை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கும் ஒன்று. எங்கள் வேலை இவ்வளவுதான்: வாரம் ஒருமுறையாவது, ஒரே இடத்தில் நின்று, சூரியன் மறையும் நேரத்தையும் இடத்தையும் குறிக்கவேண்டும். ஆடியில் ஆரம்பித்து மார்கழி வரை.

எங்கள் வீடு வடக்கனந்தலில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒட்டிய வீடு என் கணவரின் அக்காவுடையது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே மொட்டை மாடி. அங்கே நின்று மேற்கே பார்த்தால் வயலுக்கு அப்பால், வடக்கிலிருந்து தெற்கு வரை, கல்வராயன் மலை படுத்திருக்கும். முதலில் ஒரு நீளமான முதுகு, பிறகு ஒரு பள்ளம், பிறகு சின்ன மேடு. அந்தப் பள்ளத்தை என் மகள் மலையோட ஓட்டப்பல்லு என்பாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் பதித்து அதை என் இடமாக வைத்துக்கொண்டேன். அங்கே நின்று, சூரியன் மலைக்குப் பின்னால் முழுதும் மறைந்ததும், அதற்கு நேர் கீழே கைப்பிடிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் மணி. பென்சில் கிடைக்காத நாட்களில் மகளின் மெழுகுக் கலர்.

மகளைக் கீழே தனியாக விட்டுவரப் பயம். மேலே கூட்டிவந்தால் வேறு பயம். சுவர் எனக்கு இடுப்பளவுதான். சூரியனைப் பார்த்து அவள் கண் கெட்டுவிடுமோ என்பது இன்னொரு பயம். கடைசியில் என் துப்பட்டாவின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டி, அவளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தேன். நான் மேற்கே பார்ப்பேன், அவள் கிழக்கே பார்ப்பாள். முதுகோடு முதுகு. அந்தப் பத்து நிமிடம் உலகத்தில் வேறு யாருமே இல்லாதது போல இருக்கும். வெளிச்சம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, வயலில் நிற்கும் கொக்குகளின் மேல் படிந்து மெல்ல உருவப்படும். அவள் தனக்குத் தெரிவதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"அம்மா, நெழல் வருது."

"ம்."

"அந்த வூட்டு மேல ஏறுது. இப்ப டவர் மேல ஏறுது. டவர் மண்டையில மட்டும் வெயிலு."

"சரிடா செல்லம், ஆடாம உக்காரு."

அவள் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கவேண்டும்.

மாலை விளக்கு வைக்கும் நேரமும் அதுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விளக்கு வைப்பது அண்ணி. வீட்டு மருமகள் அந்த நேரத்தில் வாசலில் இல்லாமல் மாடியில் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. படியில் பாதி ஏறி நின்று பேசுவார்.

"இன்னா, போயிட்டானா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"தெனம் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போறானா? வெளக்கு வெக்கிற நேரத்துல சூரியனுக்குக் காவல் காக்கறவள இப்பதான் பாக்கறேன். மலை முழுங்கினதும் ஒரு கொரல் குடு, நான் வெளக்கு வெக்கறேன்."

எங்கள் வீட்டில் விளக்குக்குக் கடிகாரம் கிடையாது. மலை முழுங்கினால் விளக்கு. அண்ணியின் மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தானாம். இதையும் நான் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் நான் குறித்த நேரம் ஆறு இருபத்தேழு. கீழே வந்து போனில் பார்த்தால் அன்றைய அஸ்தமனம் ஆறு நாற்பது என்று போட்டிருந்தது. பதிமூன்று நிமிட வித்தியாசம். கடிகாரம் தப்பு என்று நினைத்து அதைச் சரிசெய்தேன். அடுத்த வாரமும் பதிமூன்று. அதற்கடுத்த வாரம் மேகம். பிறகு பன்னிரண்டு. வகுப்புப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எல்லாரும் தங்கள் நேரத்தை அதில் போடுவார்கள். பெரும்பாலும் கடலூர், பாண்டிச்சேரிப் பக்கத்துச் சமவெளிக்காரர்கள். எல்லாருடைய நேரமும் போனில் இருப்பதோடு ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்குள் பொருந்தியது. நான் மட்டும்தான் தப்பு. குழுவில் என் நேரத்தைப் போடவே கை வரவில்லை.

நான் என்ன தப்பு செய்கிறேன் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாமல் இந்தப் பாடத்துக்கு ஏன் வந்தாய் என்று நினைப்பார்களோ என்று இருந்தது. மேடமும் ஒரு வகுப்பில், தொடுவானத்தில் நாம் காணும் சூரியன் உண்மையில் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது, காற்று ஒளியை வளைத்துக் காட்டுவதைத்தான் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார். அப்படியென்றால் கண் ஏமாற்றும் என்றுதானே அர்த்தம்? சூரியன் நகரவில்லை, நாம்தான் சுழல்கிறோம். அதையும் கண் தலைகீழாகத்தான் காட்டுகிறது. அதோடு மூன்று வருடம் வரலாறு படித்தவள் நான். வாய்ச் சொல்லைவிட எழுத்தில் இருப்பதே சான்று என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்.

ரெக்கார்டு நோட்டில் மையால் எழுத உட்கார்ந்தபோது, சுவரில் இருந்ததை எழுதவில்லை. போனில் இருந்ததை எழுதினேன். அழகான கையெழுத்தில், அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, இருபத்திரண்டு நாட்கள். சில இடங்களில் ஒரு நிமிடம் கூட்டியும் குறைத்தும் எழுதினேன், நிஜம் போலத் தெரியட்டும் என்று. அதை எழுதிய ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. தப்பைத் திருத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பொய் எழுதினேன் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு அதிகமாகப் பயமளிக்கிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் வாய்மொழித் தேர்வு. மேடம் என் நோட்டைப் புரட்டினார். இரண்டு பக்கம் புரட்டியதும் நிமிர்ந்தார்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"கள்ளக்குறிச்சி பக்கம், வடக்கனந்தல் மேடம்."

"உங்களுக்கு மேற்கே மலை இல்லையா?"

"இருக்குங்க மேடம். கல்வராயன் மலை."

"அப்ப இது எப்படி?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. மலை உயரமாக நிற்கிறது. சூரியன் தொடுவானத்துக்கு இறங்குவதற்கு முன்பே மலை அதை மறைத்துவிடும். என் கண் தப்பு செய்யவில்லை. தினமும் எதிரே கிடந்த மலையைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது எப்போதும் அங்கேயே இருப்பதால், இருக்கிறது என்பதே தோன்றவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு நோட்டை மூடி மேசை மேல் வைத்தார்.

"ஒரிஜினலா குறிச்சது எங்கயாவது இருக்கா?"

"மாடிச் சுவர்ல இருக்கு மேடம்."

"பொங்கல் லீவு முடிஞ்சதும் அதை எழுதிக் கொண்டுவாங்க. சுவரை போட்டோ எடுத்தும் வைங்க. அது இல்லைன்னா இந்த நோட்டை என்னால ஏத்துக்க முடியாது. இந்தப் பேப்பர் நின்னுடும்."

பேருந்தில் முழு வழியும் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். நின்றுவிட்டால் படிப்பு முடிந்தது. இல்லை, நிற்காது, சுவர் இருக்கிறது. ஐந்து மணிக்கு வீட்டுத் தெருவில் திரும்பியதும் சுண்ணாம்பு வாசனை வந்தது. போகிக்கு முன் ஊர் முழுக்க வெள்ளை அடிக்கும் வாசனை. செருப்பைக்கூட அவிழ்க்காமல் மாடிக்கு ஓடினேன்.

அண்ணி வெள்ளையடிக்கும் மட்டையும் வாளியுமாகக் கடைசி மூலையில் நின்றிருந்தார். கைப்பிடிச் சுவர் பளீரென்று இருந்தது. என் மகள் ஒரு பழைய தூரிகையால் தொட்டிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, செவுத்துல இருந்தது..."

"எது, அந்தக் கோடுங்களா? நீதானே தப்பு தப்புன்னு சொல்லிக்கினு இருந்த. தப்ப எதுக்கு செவுத்துல வெச்சிக்கினு இருக்கணும்னு அடிச்சிட்டேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளைத் தொட்டார். பாடத்தை அவருக்கு விளக்கவில்லை. "அதுல இருந்தாத்தான் பாஸ் அண்ணி. இல்லன்னா படிப்பு அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது என் மகள், "அம்மா, இங்க எழுதினது தெரியுது" என்றாள்.

அவள் நின்ற பக்கம் இப்போதுதான் அடித்த சுவர். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அவ்வளவு வெள்ளையாக இருக்காது. பால் கலந்த தண்ணீர் போல இருக்கும், அடியில் உள்ளது தெரியும். கார்த்திகைக் கோடுகள் அங்கே சாம்பல் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன. ஐந்து முப்பத்தெட்டு. ஐந்து நாற்பத்தொன்று. நான் பார்க்கப் பார்க்க அவை மங்கின. காய்ந்தால் போய்விடும்.

"தண்ணி," என்றேன். அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, விரலால் தெளித்தார், பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தலையில் தெளிப்பது போல. காய்ந்து வெளுத்த இடமும் ஈரம் பட்டதும் மெல்லத் தெளிந்தது. உள்ளேயிருந்து எண்கள் எழுந்து வந்தன. அந்தக் கால் மணி நேரத்தை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஈரச் சுவரில் அதன் நிறம் விழுகிறது. அந்த நிறத்துக்குள் என் பழைய மாலைகள் ஒவ்வொன்றாக வருகின்றன, கொஞ்சம் நிற்கின்றன, போகின்றன. அண்ணி தெளிக்கிறார், நான் படிக்கிறேன், போனில் படம் எடுக்கிறேன், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மகள் கத்துகிறாள், "இங்க ஒண்ணு. இங்க என் ஆரஞ்சு கலரு."

மெழுகுக் கலரில் எழுதிய நான்கையும் சுண்ணாம்பால் மூடவே முடியவில்லை. மெழுகில் அது ஒட்டாது. பென்சிலில் பதினான்கு கிடைத்தன. மூன்று எங்கே போயின என்றே தெரியவில்லை. ஒன்று ஐந்து நாற்பதா நாற்பத்தாறா என்று தெரியவில்லை. அண்ணி குனிந்து பார்த்து, "நாப்பத்தாறுன்னு எழுதிக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

எழுதியிருப்பேன், ஒரு நாள் முன்பு என்றால். அந்தச் சீட்டில், 'தெளிவாக இல்லை' என்று எழுதினேன். நான்கு இடம் காலியாக இருந்தால் மார்க் குறையுமோ, நின்றேவிடுமோ என்று அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் வரைபடத் தாள் வாங்கிவந்து, நாட்களை இடமிருந்து வலமாக வைத்து, எத்தனை நிமிடம் முன்னதாக மறைந்ததோ அத்தனை உயரத்தில் புள்ளி வைத்தேன். பதிமூன்று, பன்னிரண்டு, பதிமூன்று. ஐப்பசியில் சட்டென்று ஏழு, ஆறு. பிறகு மறுபடி ஒன்பது. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு ஏறி, நடந்து, இறங்கி, ஏறியது. எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை. பின்னால் எரிந்த டியூப் லைட் படும்படி தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். தாளுக்கு அந்தப்பக்கம், ஜன்னல் திட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள் மகள். நான் வகுப்புப் படங்களில் பார்த்த விண்மீன் கூட்டம் போல அவளுக்கு அந்தப் புள்ளிகள் தெரிந்திருக்கும்.

"அம்மா, நம்ம மலை."

"எங்க?"

"இதுலதான். இதோ ஓட்டப்பல்லு."

நான் எழுந்து அவள் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆடியில் சூரியன் வடக்கே, அதாவது மேற்கே பார்த்து நிற்கும் எனக்கு வலப்பக்கம் மறைந்தது. மார்கழியில் இடப்பக்கம். நான் தாளில் ஆடியை இடப்பக்கம் வைத்துவிட்டதால் எல்லாம் மாறிக் கிடந்தது. பின்பக்கமிருந்து பார்த்தபோது அங்கே கல்வராயன் மலை இருந்தது. நீண்ட முதுகு, ஐப்பசியில் பள்ளம், பிறகு சின்ன மேடு. நடுநடுவே காணாமல் போன நாட்களின் இடைவெளி. நான் தப்பு என்று ஒதுக்கிய நிமிடங்கள் சேர்ந்துதான் அந்த மலை.

காணும் பொங்கலன்று கணவருக்கு அரை நாள் லீவு கிடைத்தது. மூன்று பேரும் வண்டியில் மலைக்குப் போனோம். மலைப் பாதையில் ஏறி ஒரு வளைவில், கிழக்கே திறந்திருந்த இடத்தில் நிறுத்தினோம். சாமை அறுத்த கொல்லையில் ஒரு அம்மா அறுத்து மிஞ்சிய தட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே வயல்களும் ஏரிகளும் ஊர்களும் தூசியில் மிதந்தன. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் மலை மேல் இருந்தது. கிழக்கே பார்த்த எங்கள் முகத்தில் மட்டும் வெயில் படவில்லை, கீழே எல்லா இடமும் இன்னும் வெயில்.

அப்போது மலையின் நிழல் கிளம்பியது. ஒரு பெரிய புடவையை யாரோ விரிப்பது போல, சத்தமே இல்லாமல், கிழக்கே கிழக்கே போனது. ஒரு ஏரி மின்னிக்கொண்டிருந்து, அணைந்தது. பிறகு அடுத்தது. அதன் விளிம்பை நான் கண்ணால் துரத்தினேன். அதுதான் என் சுவரில் வந்து ஏறிய நிழல். அதைத்தான் என் மகள் கிழக்கே பார்த்து உட்கார்ந்து எனக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அங்க பொழுது போயிடுச்சா?"

"இப்பதாம்மா மலை முழுங்குச்சு. வெளக்கு வெச்சிக்கினு இருக்கேன். நீங்க எங்க?"

"மலை மேல."

"அப்ப நீதான் முழுங்கினியா? சீக்கிரம் வாங்க, இருட்டுது."

நிமிர்ந்து பார்த்தால் கிழக்கே தூரத்து ஊர்களில் வெயில் இன்னும் பொன்னாகக் கிடந்தது. தட்டை கட்டிய அம்மா மேட்டின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தார், அவர் மேலும் வெயில் இருந்தது. "எங்க வூட்டாண்ட இன்னும் பொழுது இருக்குதுங்க," என்றார், நான் கேட்காமலே. ஒரே நேரத்தில் அண்ணிக்கு இருட்டு, அந்த அம்மாவுக்குப் பகல். யாரும் தப்பில்லை. கணவர் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இதையா நீ ஆறு மாசமா பாத்துக்கினு இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

லீவு முடிந்து நோட்டைக் கொடுத்தேன். பதினெட்டு நேரங்கள், நான்கு காலி இடங்கள், சுவரின் படங்கள், ஒரு வரைபடம். மேடம் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்த்தார். காலி இடங்களுக்கு மார்க் குறைத்தார். ஆனால் பேப்பர் நிற்கவில்லை. நான் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். வேறு துறைப் பாடத்துக்கு இந்த முறை முதல் ஆளாகப் போய் வானியலின் அடுத்த பாகத்துக்கே பெயர் கொடுத்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மகள் இந்த வருடம் எல்.கே.ஜி. போகிறாள். போன வாரம் அவள் பையைத் துடைக்கும்போது படம் வரையும் நோட்டைப் பார்த்தேன். 'மலையும் சூரியனும்' என்று தலைப்பு. இரண்டு முக்கோணம், நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிலும் குச்சிகள். மிஸ் போர்டில் போட்டதை அப்படியே போட்டிருந்தாள். மிஸ் நட்சத்திரம் ஒன்று கொடுத்திருந்தார். ஆனால் முக்கோணங்களுக்கு அடியில் தாள் தேய்ந்து, ஒரு இடத்தில் கிழிந்தே இருந்தது. அழித்த தடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீளமான முதுகு. பள்ளம். சின்ன மேடு.

"இதை ஏண்டா அழிச்ச?"

"அது தப்பும்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் இப்படித்தான் போட்டாங்க."

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். பார்த்ததை அழித்து எல்லாரையும் போல எழுதும் வேலையை நான் ராத்திரியில் சத்தமில்லாமல்தான் செய்தேன், அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் எங்கிருந்தோ அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்றுதான் தோன்றுகிறது. மிஸ்ஸிடம் போய்ச் சொல்லலாம். அவர் நல்லவர்தான், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மகளிடம், பார்த்ததைப் போடு, நட்சத்திரம் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் வாங்கிய நட்சத்திரத்தைக் காட்ட அவள் வீட்டு வாசலிலிருந்தே ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். நாலரை வயதுப் பிள்ளையை வகுப்பில் தனியாக நிற்கவைக்க எனக்கு என்ன உரிமை? அந்த வாட்ஸ்அப் குழுவில் தனியாக நிற்க இருபத்தாறு வயதில் என்னாலேயே முடியவில்லை. சொல்லாமல் விட்டால், நாளைக்கு அவளிடமும் யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள்.

நேற்று மாலை இருவரும் மாடியில் பழையபடி முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். "நெழல் வருதாடா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "வருதாம்மா?" என்று என்னையே கேட்டாள்.

உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், பாடம் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள்? ஒரு வரியாக இருந்தாலும் எழுதுங்கள். அந்தக் கிழிந்த தாளை நான் இன்னும் ஒட்டவில்லை.